கார்த்திகைப் பெண்களும் கடைசி பிளேட்டும்

1940-ம் வருஷக் கடைசி. யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஓடியிருந்தது. அப்போது நான் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் இருட்டறை, மேலே மாடி. மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுப்பதுதான் தொழில். வருகிறவர்கள் எல்லாருக்கும் கையில் விபூதி இருக்கும். அந்தக் கையோடு நாற்காலியைத் தொடுவார்கள், திரையைத் தொடுவார்கள், 'இதுதான் காமிராவா' என்று லென்ஸையும் தொடுவார்கள். "விபூதிக் கையை வைக்காதீங்க" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. சுவரில் தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாக எழுதி வேறு ஒட்டியிருந்தேன். படித்துவிட்டுத் தொடுவார்கள்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வானம் பார்ப்பது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகும்போது ஏலத்தில் விட்டுப்போன தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. அதை மாடியில் நிறுத்தி, பொழுது சாய்ந்தால் மேலே ஏறிவிடுவேன். 'மனுஷங்க மூஞ்சி பார்த்தது போதாதுன்னு வானத்தை வேற பார்க்கிறாரு' என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முருகனை எடுத்து வளர்த்த ஆறு பெண்கள் என்று எங்கள் ஊரில் எல்லாரும் கைகாட்டுவார்கள். அந்த நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய புகை போல ஒன்று படர்ந்திருக்கிறது. அதை நெபுலா என்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது, சின்னக் கண்ணாடியில் பார்த்தாலும் பிடிபடாது. ஆனால் போட்டோ பிளேட்டை, அதாவது மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை, இரண்டு மூன்று மணி நேரம் திறந்து வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊறி வந்துவிடும். இதை ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மூஞ்சி எடுக்கிற என் பழைய லென்ஸ் நல்ல அகலம். அதற்கு இது வந்தே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சென்னையில் வானசாஸ்திரம் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு யோசனை கேட்டு எழுதினேன். 'கடிகாரம் வைத்து ஓடுகிற யந்திரம் இல்லாமல் இதெல்லாம் ஆகாது, மொட்டைத் தலைகளோடு நிறுத்திக்கொள்ளவும்' என்று ஒரு தபால் கார்டில் இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தக் கார்டை இருட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். எடுத்துக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். காமிராவும் அதோடு கூடவே நகர வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். வண்டிப் பட்டறை ஆசாரியைப் பிடித்து, கைப்பிடி வைத்த நீளத் திருகு ஒன்று செய்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியையும் அதன் முதுகில் கட்டிய காமிராவையும் அது மெல்லத் தள்ளும்படி பண்ணினேன். ஒருவர் கண்ணாடிக்குள் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும், இன்னொருவர் திருகைச் சுற்ற வேண்டும். அந்த இன்னொருவர் என் பாவா.

பாவா என் அக்காவின் கணவர், அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவர். நான் சொன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். தறியில் உட்கார்ந்து பழகிய கை, அதனால் ஒரே சீராகச் சுற்றும். ஆனால் அவரோடு வேலை செய்வது பெரிய சோதனை. எதற்கும் பதற மாட்டார். நான் குதித்தாலும் "ஆங்" என்பார், கத்தினாலும் "ஆங்" என்பார்.

இனிமேல்தான் சிக்கலே. யுத்தத்தினால் வேகமான பிளேட் வருவது நின்றுபோயிருந்தது. என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் மந்தமான பழைய பிளேட். அசையாமல் உட்காருகிற பெரியவர்களுக்கு அது போதும். நாலு எண்ணுகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லி எடுத்துவிடலாம். குழந்தைகளுக்கு ஆகாது. நட்சத்திரத்துக்கும் ஆகாது.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, தணிகைமலை முருகனை வேண்டிக்கொண்டு பிறந்த ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒன்றரை வயது. தை கிருத்திகை அன்று முதல் மொட்டை, காது குத்தல், இரண்டும் தாய்மாமன் மடியில். தாய்மாமன் நான்தான். மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று அக்கா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு பிளேட் நெபுலாவுக்கு, ஒரு பிளேட் குழந்தைக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முழுக்க மேகத்தைத் திட்டியே தீர்த்தேன். மார்கழியில் வானம் வெளுத்தது. பஞ்சாங்கத்தைப் பிரித்து, அமாவாசை கழிந்து மூன்றாம் நாளைக் குறித்தேன். பிறை எட்டு மணிக்குள் இறங்கிவிடும், கிருத்திகையும் இல்லை, சஷ்டியும் இல்லை, கூட்டமே இருக்காது. பாவாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று பகல் முழுக்க இருட்டறையிலேயே கிடந்தேன், வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டரை மணிக்குக் காமிராவின் மூடியைத் திறந்தோம். கார்த்திகை தலைக்கு நேர் மேலே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் மடித்து, தரையில் பாதி படுத்துக்கொண்டு இருக்கிறேன். பாவா ஏதோ முணுமுணுத்தபடி சுற்றுகிறார். அரை மணி நேரம் ஓடியிருக்கும். திடீரென்று மாடிச் சுவர் வெள்ளை வெளேரென்று ஆயிற்று. எழுந்து பார்த்தால், மலைப்படி அடியில் பத்துப் பதினைந்து பெட்ரோமாக்ஸ் விளக்கு. என் ஸ்டூடியோ வாசலிலேயே ஒரு தண்ணீர்ப் பந்தல், அதற்கும் இரண்டு விளக்கு. ஜால்ரா, மிருதங்கம், ஜனம்.

டிசம்பர் முப்பத்தொன்று. படித் திருவிழா. வருஷ நாள் கணக்குக்கு இருக்கிற முந்நூற்று அறுபத்தைந்து படியிலும் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். எங்கள் ஊரில் எல்லாத் திருவிழாவும் பஞ்சாங்கத்தைப் பார்த்து வரும், இது ஒன்று மட்டும் இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்து வரும். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவன், சுவரில் தொங்குகிற காலண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருவிழாக் கூட்டத்தை நம்பியே சோறு தின்கிறவன் ஒரு திருவிழாவையே மறந்தேன் என்றால் எந்த முட்டாளும் நம்ப மாட்டான்.

"உங்களுக்குத் தெரியாதா பாவா? சொல்லக் கூடாதா?" என்று பாய்ந்தேன்.

"தெரியும் மச்சான். வர வழியிலேயே பார்த்தேன், பந்தல் போட்டுகினு இருந்தாங்க. நீதான் எல்லாம் கணக்குப் பண்ணி வச்சிருப்பியேன்னு சும்மா இருந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் திருகைப் பிடுங்கிக் கீழே எறிந்திருப்பேன். ஆசாரி உறுதியாகச் செய்துவிட்டதால் அது வரவில்லை. பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன், முழுக்கக் கருகல். ஒரு பிளேட் போயிற்று.

மிச்சம் ஒன்று. அது குழந்தையுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, எனக்கும்தான். ஆனால் தை அமாவாசை நெருங்க நெருங்க, வானம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாகிக்கொண்டே வந்தது. தை கிருத்திகை அதற்கு ஒரு வாரம் கழித்து. மாசி வந்துவிட்டால் கார்த்திகை மேற்கே சாய்ந்துவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். இருட்டறைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கார்டு கண்ணில் படும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அம்மையார்குப்பம் போய், அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா ஒன்றும் சத்தம் போடவில்லை. "பதினோரு வருஷம் காத்துகினு இருந்தேன்டா தம்பி. ஒரு படம்தானே கேட்டேன்" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் நான் அடங்கியிருப்பேனோ என்னவோ. குற்றம் செய்கிறவனுக்குத்தானே முதலில் கோபம் வரும். "முடிதானே அக்கா, மறுபடி வளராதா? அடுத்த வருஷம் இன்னொரு மொட்டை போட்டால் போச்சு. இந்த வானம் எனக்கு மறுபடி கிடைக்குமா?" என்று கத்தினேன். குழந்தை பயந்து அழுதது. தறிக்குழியில் இருந்த பாவா கையை நிறுத்தாமலே சொன்னார், "எடுத்துக்கோ மச்சான். அமாவாசைக்கு எத்தினி மணிக்கு வரணும், சொல்லு." அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனாலும் மணியைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

தை அமாவாசை. காலண்டர், பஞ்சாங்கம், தேவஸ்தான நோட்டீஸ் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்தாயிற்று. ஏழு மணிக்கு எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்து என் மனைவி விபூதித் தட்டோடு மாடி ஏறி வந்தாள். "சாமியை வளர்த்தவங்களைப் படம் எடுக்கப் போறீங்க, நெத்தியில வச்சுக்கினு எடுங்க" என்றாள். வாதம் செய்தால் நேரம் போகும். அவளைக் கீழே அனுப்பினால் போதும் என்று மூன்று விரலால் அள்ளிப் பட்டையாக இட்டுக்கொண்டு, கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தேன்.

இரண்டரை மணி நேரம். கழுத்து ஒடிந்துவிடும் போல இருந்தது. பாவா ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணவில்லை. நடுவில் பனி இறங்கி லென்ஸ் மங்கியது. இரண்டு முறை மூடியைப் போட்டு, துடைத்து, மறுபடி திறந்தேன். நடுவில் ரயில் ஒன்று போயிற்று, நல்லவேளை, அதன் விளக்கு எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒன்பதரைக்கு மூடினோம். பாவாவின் உள்ளங்கையில் கைப்பிடி அழுத்திச் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே தூங்கப் போய்விட்டார்.

நான் இருட்டறைக்குள் போனேன். சிவப்பு விளக்கில் பிளேட்டை மருந்தில் ஆட்ட ஆட்ட, கார்த்திகை ஆறும் கறுப்புப் புள்ளிகளாக எழுந்து வந்தன. அவற்றைச் சுற்றி, மெல்ல மெல்ல, சாம்பல் நிறத்தில் புகை! வெளியே ஓடி வந்து எல்லாரையும் எழுப்பிவிட்டேன். மறுநாள் காலை அதைப் பிரதி போட்டுச் சென்னைப் பெரியவருக்கு அனுப்பினேன். கூடவே, 'மொட்டைத் தலை எடுக்கிற லென்ஸில் எடுத்தது' என்று ஒரு வரி. அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. காய்கறிக்காரியைக்கூட விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, 'சாம்பார் பொடி சிந்திட்டுதா?' என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தை கிருத்திகை வந்தது. மலையில் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் காவடி. குழந்தையை என் மடியில் வைத்து மொட்டை அடித்தார்கள். அலறித் தீர்த்துவிட்டது. பிறகு காது குத்தினார்கள், அதற்கு இன்னொரு அலறல். அப்படியே ஸ்டூடியோவுக்குத் தூக்கி வந்தோம். மந்தமான பிளேட்டைத்தான் போட்டேன். தாய்மாமன் நான் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதால், லென்ஸ் மூடியைத் திறந்து எண்ணுகிற வேலை பாவாவுக்கு. கிலுகிலுப்பையை ஆட்டினோம், வாழைப்பழத்தைக் காட்டினோம். அக்கா காமிராவுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினாள். பாவா ஒன்று எண்ணும்போது குழந்தை அம்மாவைப் பார்த்தது. இரண்டுக்கு என் மூக்கைப் பார்த்தது. மூன்றுக்குக் காதைப் பிடித்துக்கொண்டு குனிந்தது. நாலுக்கு ஓவென்று தலையை ஆட்டி அழுதது. இன்னும் இரண்டு பிளேட் போட்டேன், இரண்டும் அதைவிட மோசம்.

கழுவி எடுத்தபோது நான் தெளிவாக இருந்தேன். என் மீசை முடி எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. சின்னச் சட்டையும் கொலுசும் ஓரளவு தெரிந்தன. சட்டைக்கு மேலே குழந்தையின் தலை இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு புகை. கண் இல்லை, மூக்கு இல்லை.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். பாவாவிடம் கொடுத்தாள். பாவா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் தாங்கியில் நெபுலா பிளேட் இருந்தது. அதையும் இன்னொரு கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மச்சான், இங்க ஓரத்துல ஒரு நட்சத்திரம் இருக்குதே, இதுவும் கார்த்திகையா?"

"இல்லை பாவா. அது வேறே. அது எங்கேயோ இருக்கிறது."

"அதைச் சுத்தியும் இதே புகைதானே இருக்குது. அதோ, கீழே இருக்கிறதுக்கும். சாயம் ஓடின சேலை இப்படித்தான் இருக்கும். ஒரு பூவுல மட்டும் ஓடாது, எல்லாப் பூவைச் சுத்தியும் கசிஞ்சிருக்கும்."

பிளேட்டைப் பிடுங்கினேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரு வாரமாகக் கார்த்திகையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவே இல்லை. பிரகாசமாக இருந்த அத்தனை நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரே மாதிரிப் புகை. வானத்தில் அப்படி இருக்க வழியில்லை. லென்ஸில்தான் ஏதோ இருந்திருக்கிறது. அதைப் பகலில் துணி போட்டுத் துடைக்கிற வழக்கம் உண்டு, அதனால் இப்போது அதில் ஒன்றும் இல்லை. மாடிக்கு ஓடினேன். அன்றைக்குத் தோளில் கிடந்த துண்டு, கொடியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை. பனியில் நனைந்து காய்ந்து கெட்டியாகியிருந்தது. அந்த முனையால்தான் இரண்டு தடவை லென்ஸைத் துடைத்திருக்கிறேன்.

கீழே வந்து மனைவி மேல் பாய்ந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது யார், உன்னால்தான் எல்லாம் போயிற்று என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெத்தியில வச்சுக்கத்தானே குடுத்தேன்? கண்ணாடிக்கா குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு, குழந்தைக்குப் பால் ஆற்றப் போய்விட்டாள்.

நான் எழுதி ஒட்டிய அறிவிப்பு எதிரே சுவரில் இருந்தது, தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. வந்தவன் போனவனையெல்லாம் ஏழு வருஷமாகத் திட்டினேனே, அவர்களில் ஒருவன்கூட என் லென்ஸை இப்படிக் கெடுத்ததில்லை. அதைவிடக் கேவலம், அந்த விபூதியைப் படம் எடுக்கத்தான் குழந்தையின் பிளேட்டைப் பிடுங்கியிருக்கிறேன். அக்காவைப் பார்த்து மன்னித்துவிடு என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. பாவா மட்டும் எப்போதும் போல, "வுடு மச்சான், அடுத்த தபா பார்த்துக்கலாம்" என்றார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்னைப் பெரியவருக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. முதலில் அனுப்பியது நெபுலா அல்ல, விபூதி என்று. அந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவர் பதில் போடவில்லை.

யுத்தம் முடிந்து பிளேட் தாராளமாக வந்த பிறகு, ஒரு மார்கழியில் மறுபடி முயன்றேன். அதே லென்ஸ், அதே திருகு, அதே பாவா, புதுத் துண்டு. இந்தத் தடவை கார்த்திகையைச் சுற்றி மட்டும் மெல்லியதாகப் புகை விழுந்தது, மற்ற நட்சத்திரமெல்லாம் ஊசி முனை போலச் சுத்தம். பாவாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்துவிட்டு, "ஆங், இப்போ சாயம் நின்னுட்டுது" என்றார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை யாருக்கும் அனுப்பத் தோன்றவில்லை. அந்தப் பிளேட் இப்போது எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்றுகூட நினைவில்லை.

குழந்தையின் படம் எங்கே இருக்கிறது என்பது நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்கு அடுத்த வருஷம் இன்னொரு மொட்டை போடவில்லை. முதல் மொட்டை ஒரு தரம்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். முகமில்லாத அந்தப் படத்தையே கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். எனக்கு எழுபது ஆகிறது. இப்போதும் அம்மையார்குப்பம் போனால் அது அங்கேதான் தொங்குகிறது. அந்தக் குழந்தைக்கே இப்போது பேரன் பேத்தி வரப்போகிற வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டி, "இதுதான் நான். என் மாமன் வானத்தைப் பார்த்துகினு இருந்தப்போ எடுத்தது" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன்.

மறுபடி கிடைக்குமா என்று நான் கத்திய அந்தக் கார்த்திகை ஒவ்வொரு மார்கழியும் தவறாமல் என் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. மறுபடி வளரும் என்று நான் அலட்சியமாகச் சொன்ன அந்த ஒன்றரை வயது முகம்தான் அந்த ஒரு நாளோடு போயே போய்விட்டது.